பெயர் ஒன்று, எழுத்து எத்தனை?



முப்பத்தேழு ஆண்டுகள் ரயில்வேயில் பாதைப் பராமரிப்புப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்று, ரயிலே ஓடாத இந்தத் தீவில் மகன் வீட்டோடு வந்து இருப்பவன் நான். படித்தது சிவில் டிப்ளமோ. தமிழ்ப் புலவனல்ல. மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று நண்பர்கள் கேட்டபோது தண்டவாளத்தைப் பற்றி எழுதலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் சென்ற ஆனி மாதம் எங்களுக்குப் பேத்தி பிறந்தாள். அவளுக்கு என்ன பெயர் என்பது ஒரே நாளில் முடிவாகிவிட்டது. அதை ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது என்பதற்கு மூன்று வாரம் பிடித்தது. நம் சங்கத்தில் பல வீடுகளில் இதே பேச்சு நடப்பதைப் பிறகுதான் அறிந்தேன். ஆகவே அதையே எழுதுகிறேன்.

பெயர் யாழினி. தமிழில் மூன்றே எழுத்து. ஆங்கிலத்தில்தான் ஆளுக்கு ஒரு கணக்கு. 'ஒய், ஏ, இசட், எச், ஐ, என், ஐ' என்பது வழக்கமான எழுத்து. மருமகளுக்கு அதில் திருப்தியில்லை. "மாமா, அதை 'யழினி' என்று குறிலாகவும் படிக்கலாமே. 'ஏ' இரண்டு, கடைசியில் 'ஈ' இரண்டு போடுவோம். ஒலியும் சரியாக வரும், வேறு யாருக்கும் இல்லாத எழுத்தாகவும் இருக்கும். நாளைக்கு இமெயில் முகவரி கேட்டாலும் இவள் பெயர் காலியாகக் கிடைக்கும்" என்றாள். மகனோ, "எழுத்து எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு தொல்லை குறையும். 'இசட், எச்' வேண்டாம். 'எல்' போட்டு ஆறு எழுத்தில் முடித்துவிடலாம்" என்றான். பிறகு இருவரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அதற்குக் காரணம் உண்டு.

என் மகனுக்கு நான் செய்தது

மகன் பெயர் கார்த்திக். 1990-ல் பிறந்தான். பிறப்புச் சான்றிதழில் எல்லோரும் எழுதுவது போல 'கே, ஏ, ஆர், டி, எச், ஐ, கே' என்றுதான் பதிந்தோம். சிறு வயதில் அவனுக்கு அடிக்கடி உடம்புக்கு முடியாமல் போகும். வேண்டிய ஒருவர் என்னை எண்கணிதம் பார்ப்பவரிடம் அழைத்துச் சென்றார். அவர் ஒவ்வொரு ஆங்கில எழுத்துக்கும் ஓர் எண் கொடுத்துக் கூட்டினார். 'கே'க்கு 2, 'ஏ'க்கு 1, 'ஆர்'க்கு 2, 'டி'க்கு 4, 'எச்'சுக்கு 5, 'ஐ'க்கு 1, மறுபடி 'கே'க்கு 2. மொத்தம் 17. ஒன்றும் ஏழும் எட்டு. "எட்டு சனியின் எண், ஆகாது" என்றார். ஒரு 'ஏ'யும் ஒரு 'சி'யும் கூடுதலாகச் சேர்த்தார். 21 வந்தது. "இனி குரு பார்வை" என்றார். பள்ளியில் சேர்க்கும்போது அந்த ஒன்பது எழுத்துப் பெயரையே கொடுத்தேன்.

பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் வந்தபோது நான் சேர்த்த 'ஏ' இருந்தது, 'சி' இல்லை. எட்டு எழுத்து. நாங்கள் மதிப்பெண்ணைப் பார்த்த மகிழ்ச்சியில் எழுத்தைப் பார்க்கவில்லை. பாஸ்போர்ட் பிறப்புச் சான்றிதழின்படி ஏழு எழுத்தில் வந்தது. ஒரே பையனுக்கு மூன்று பெயர்!

2014-ல் அவனுக்குச் சிங்கப்பூரில் கப்பல் பழுது பார்க்கும் நிறுவனம் ஒன்றில் வேலை கிடைத்தது. சான்றிதழ் சரிபார்ப்பில் பெயர் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். நோட்டரியிடம் உறுதிமொழிப் பத்திரம், பத்திரிகை விளம்பரம், அரசிதழ் அறிவிப்பு என்று நான்கு மாதம் ஓடினோம். எல்லாம் கைக்கு வந்தபோது அந்த இடத்தில் வேறொருவர் சேர்ந்துவிட்டார். அதன் பிறகுதான் இங்கே வேலை கிடைத்து வந்தான். குறையில்லாமல் இருக்கிறான். ஆனால் "ஏன் அப்பா அப்படிச் செய்தீர்கள்?" என்று ஒரு நாளும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் கூட மனம் ஆறியிருக்கும்.

எண்கணிதத்தில் நம்பிக்கை உள்ளவர்களைப் புண்படுத்துவது என் நோக்கமல்ல. பின்னாளில் நான் தெரிந்துகொண்ட ஒன்றை மட்டும் சொல்கிறேன். எழுத்துக்கு எண் கொடுக்க இரண்டு முறைகள் இருக்கின்றன. கல்தேயர் பெயரால் வழங்கும் முறையில் எந்த எழுத்துக்கும் 9 கிடையாது. பித்தகோரஸ் பெயரால் வழங்கும் முறையில் 'ஏ' முதல் வரிசையாக 1 முதல் 9 வரை கொடுத்து மறுபடி 1-ல் தொடங்குவார்கள். என் மகனின் பழைய ஏழு எழுத்தை இந்த இரண்டாவது முறையில் கூட்டினால் 33, அதாவது 6. எட்டே வரவில்லை! இரண்டு அளவுகோல் இரண்டு அளவு காட்டினால் பாதை அளக்கிறவன் அந்தக் கணக்கை வைத்து வேலையைத் தொடங்க மாட்டான். நான் தொடங்கினேன்.

பெரியவர்களும் எழுத்தை மாற்றியிருக்கிறார்கள். முதலமைச்சராக இருந்த ஜெயலலிதா 2001-ல் தம் பெயரின் ஆங்கில எழுத்தின் கடைசியில் மேலும் ஓர் 'ஏ' சேர்த்துக்கொண்டார். தமிழில் படித்தவர்களுக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை. கர்நாடகத்து எடியூரப்பா 2007-ல் ஓர் எழுத்தை மாற்றி, 2019-ல் பழைய எழுத்துக்கே திரும்பினார். அவர்கள் எப்படி எழுதினாலும் நாடு அவர்களை அறியும். நம் பிள்ளைகள் ஒவ்வொரு சன்னலிலும் வரிசையில் நின்று பெயர் சொல்ல வேண்டியவர்கள்.

எழுத்து ஏன் பிசகுகிறது?

தமிழில் உயிரெழுத்து 12. ஆங்கிலத்தில் அந்த வேலையைச் செய்ய இருப்பது ஐந்து எழுத்து. நமக்கு ல, ள, ழ என்று மூன்று. அவர்களுக்கு ஓர் 'எல்'. நமக்கு ந, ன, ண என்று மூன்று. அவர்களுக்கு ஓர் 'என்'. ஆகவே எப்படி எழுதினாலும் ஏதோ ஒன்று விட்டுத்தான் போகும்.

அடுத்தது, 'டி, எச்' தகராறு. நாம் 'த' என்ற ஒலிக்கு 'டி, எச்' போடுகிறோம். வடக்கே வெறும் 'டி'தான் 'த'. 'எச்' சேர்த்தால் அது மூச்சு அழுத்திச் சொல்லும் வேறு எழுத்து. அதனால்தான் நம் லதா, கவிதா எல்லோரும் இந்தியில் எழுதப்படும்போது அழுத்தமான 'த்ஹா' ஆகிவிடுகிறார்கள். வங்காளிகளும் இந்தி பேசுவோரும் பக்கத்து வீட்டில் இருக்கும் இந்த ஊரில் இதை நாம் தினமும் கேட்கிறோம்.

இளங்கோ, இலக்கியா போன்ற பெயர்களில் முதல் எழுத்தை நாம் பேச்சில் எகரமாகச் சொல்வதால் சிலர் 'ஈ' என்றும், எழுத்தைப் பார்ப்பவர்கள் 'ஐ' என்றும் தொடங்குகிறார்கள். முதல் எழுத்தே மாறினால் அகர வரிசைப் பட்டியலில் ஆளே கிடைக்க மாட்டார்.

ழகரத்துக்கு வருவோம். தமிழ் என்ற சொல்லையே நாம் ஆங்கிலத்தில் 'எல்' போட்டுத்தான் எழுதுகிறோம். ஆனால் கனிமொழி, யாழினி போன்ற பெயர்களுக்கு இன்று 'இசட், எச்' வழக்காகிவிட்டது. மலையாளிகளும் ஆலப்புழை, கோழிக்கோடு என்ற ஊர்ப் பெயர்களில் அதையே எழுதுகிறார்கள். இலங்கையில் வேறு வழக்கு. கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு 1956-ல் ஓடத் தொடங்கிய யாழ்தேவி ரயிலின் பெயர் ஆங்கிலத்தில் 'எல்' போட்டே எழுதப்படுகிறது. ஆகவே என் மகன் சொன்னதும் ஆதாரமில்லாதது அல்ல.

அறிஞர்கள் இதற்கு முறையான வழி வகுத்திருக்கிறார்கள். 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் அகராதியில் எழுத்தின் கீழே கோடும் மேலே கோடும் இட்டு ஒவ்வொரு தமிழ் எழுத்தையும் பிரித்துக் காட்டியிருப்பார்கள். 2001-ல் உலகத் தர நிர்ணய அமைப்பும் 15919 என்ற எண்ணில் இந்திய மொழிகளுக்கு ஒரு முறையை வெளியிட்டது. படிப்புக்கு இவை மிக நல்லவை. ஆனால் பாஸ்போர்ட்டின் அடியில் இயந்திரம் படிப்பதற்காக இரண்டு வரி அச்சிட்டிருக்கும், பார்த்திருப்பீர்கள். ஒவ்வொரு வரியிலும் 44 இடங்கள். மேல் வரியில் பெயருக்கு 39 இடங்கள். அங்கே 26 பெரிய எழுத்துக்களைத் தவிரக் கோட்டுக்கும் புள்ளிக்கும் இடமில்லை.

ஆயிரத்துப் பதினெட்டு ஊர்கள்

ஒலிக்குச் சரியாக எழுத வேண்டும் என்ற எண்ணம் மருமகளுக்கு மட்டும் வந்ததல்ல. 2020 ஜூன் மாதம் தமிழக அரசே 1018 ஊர்ப் பெயர்களைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப ஆங்கிலத்தில் மாற்றி எழுத ஆணையிட்டது. நோக்கம் நல்லது. ஆனால் 10 எழுத்தில் இருந்த கோயம்புத்தூருக்கு 14 எழுத்து வந்தது. வேலூருக்கு முதலில் இரண்டு 'ஈ' போட்டதால் ஆங்கிலம் படித்தவர்கள் 'வீலூர்' என்று படித்தார்கள். பல பக்கமும் விமரிசனம் எழுந்து, சில நாட்களிலேயே ஆணையைத் திரும்பப் பெற்றார்கள். ஒலியை எழுத்தில் அப்படியே பிடிக்கப் போனால் ஒன்று நீளும், அல்லது வேறு ஒலி வந்து உட்காரும் என்பதற்கு இதைவிடப் பெரிய சோதனை வேண்டியதில்லை.

எங்கள் ரயில்வேயில் இன்னொன்று கவனித்திருக்கிறேன். சென்னை சென்ட்ரல் நிலையத்துக்கு 2019-ல் எம்.ஜி.ஆர். பெயர் வைத்தார்கள். குறியீடு மட்டும் மதராஸ் காலத்து 'எம், ஏ, எஸ்'தான். மயிலாடுதுறைக்கு இன்னும் மாயவரம் காலத்து 'எம், வி'. இங்கேயும் 2024 செப்டம்பரில் போர்ட் பிளேர் ஸ்ரீ விஜயபுரம் ஆனது, நம் வாய் இன்னும் பழகவில்லை. 1921 கலவரத்துக்குப் பின் நாடு கடத்தப்பட்டு வந்த மாப்பிள்ளைமார் தெற்கு அந்தமானில் தங்கள் ஊர்ப் பெயர்களை வைத்தார்கள். அங்கே கோழிக்கோடு ஆகிவிட்டது, இங்கே அந்தக் கிராமம் இன்னும் காலிகட்தான். பதிவேட்டில் ஒரு முறை ஏறிய எழுத்து இறங்குவது லேசல்ல.

இப்போது ஏன் கூடுதல் கவனம்?

முன்பெல்லாம் சன்னலில் இருக்கும் குமாஸ்தா, "இரண்டும் ஒரே ஆள்தானே" என்று கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு முத்திரை குத்துவார். இன்று ஒப்பிடுவது கணிப்பொறி. அது ஒலியைக் கேட்பதில்லை, எழுத்தை எண்ணுகிறது. பான் அட்டையை ஆதாரோடு இணைக்கும்போது ஓர் எழுத்து வித்தியாசத்தால் திரும்பி வந்தவர்கள் நம்மில் எத்தனை பேர்!

1969-ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 2023-ல் திருத்தப்பட்டது. 2023 அக்டோபர் 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்குப் பள்ளியில் சேர, ஓட்டுநர் உரிமம் பெற, வாக்காளர் பட்டியலில் சேர, திருமணம் பதிய, அரசு வேலையில் சேர, பாஸ்போர்ட், ஆதார் பெற, பிறந்த தேதிக்கும் இடத்துக்கும் சான்று பிறப்புச் சான்றிதழ்தான். நம் காலத்தில் பள்ளிச் சான்றிதழ் வேராக இருந்தது. இனி வேர் இதுவே. இங்கே ஏறும் எழுத்துத்தான் கிளையெல்லாம் பரவும்.

நல்ல வேளையாகச் சட்டம் நமக்கு அவகாசமும் தருகிறது. பிறப்பை 21 நாட்களுக்குள் தெரிவிக்க வேண்டும், மருத்துவமனையில் பிறந்தால் அவர்களே தெரிவிப்பார்கள். ஆனால் பெயர் இல்லாமலே பதிவு செய்யலாம். பதிந்த நாளிலிருந்து 12 மாதத்துக்குள் கட்டணமின்றிப் பெயரைச் சேர்க்கலாம். அதன் பிறகும் 15 ஆண்டு வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்க இடமுண்டு. ஆகவே பிரசவ அறையின் வாசலில் நீட்டப்படும் காகிதத்தில் அவசரமாக ஒரு பெயரைக் கிறுக்க வேண்டியதில்லை. பதிவில் நேர்ந்த பிழையைத் திருத்தச் சட்டத்தின் 15-ஆம் பிரிவு வழி செய்கிறது. ஆனால் நாமே யோசித்துக் கொடுத்த எழுத்து பிழையாகாது. மனம் மாறினால் அரசிதழ் வரை போக வேண்டிவரும்.

இது நம் நாட்டுத் தொல்லை மட்டுமல்ல. ஜப்பானில் பெற்றோர் புதுமையாக இருக்கட்டும் என்று ஓர் எழுத்துக்குச் சம்பந்தமில்லாத உச்சரிப்பை வைத்துப் பெயரிடுவது பெருகி, பள்ளியிலும் மருத்துவமனையிலும் பெயரைப் படிக்க முடியாமல் திண்டாடினார்கள். 2025 மே மாதம் முதல் குடும்பப் பதிவேட்டில் பெயரின் உச்சரிப்பையும் பதிய வேண்டும், அது பொதுவாக ஏற்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்துவிட்டார்கள்.

நாங்கள் செய்த சோதனை

மூன்றாவது வாரம் நான் வாய் திறந்தேன். "நான் சொல்ல அருகதை இல்லாதவன். ஆனால் அளந்து பார்க்கத் தெரியும். நாலு பேரிடம் அளந்து பார்ப்போம்" என்றேன். மகன் சிரித்தான். அன்று மாலையே தொடங்கினோம்.

பெயரை வாயால் மட்டும் சொல்லி எழுதச் சொன்னோம். நம்மவர் நான்கு பேரும் யோசிக்காமல் 'இசட், எச்' போட்ட ஏழு எழுத்தை எழுதினார்கள். மாடி வீட்டு மலையாளி நர்ஸம்மாவும் அதையே எழுதினார். எதிர் வீட்டு வங்காளி ஆசிரியர் 'எல்' போட்டார். கடைக்கார இந்திக்காரரும் 'எல்'தான். மருமகளின் ஒன்பது எழுத்தை ஒருவர் கூட எழுதவில்லை. அவள் முகம் வாடியது எனக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது.

பிறகு எழுதிக் காட்டிப் படிக்கச் சொன்னோம். ஏழு எழுத்தை வங்காளி ஆசிரியர் 'ஜாஜினி' என்றார். கடைக்காரர் 'யாஜ்ஹினி' என்றார். மகன், "பார்த்தீர்களா அப்பா, 'எல்' போட்டால் யாலினி என்றாவது படிப்பார்கள்" என்றான். அப்போது மருமகள்தான் ஒரு கேள்வி கேட்டாள். "யாலினி என்று எழுதிவிட்டால் இவள் பெரியவளானதும் தன் பெயரையே யாலினி என்றுதானே சொல்வாள்? யாழ் என்பது எங்கே போகும்?"

வீட்டில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. நம் பிள்ளைகள் பலர் இந்தியிலும் ஆங்கிலத்திலும் படிக்கிறார்கள். தமிழ் பேசுவார்கள், எழுத்துத் தெரியாது. அவர்களுக்குத் தன் பெயர் எது என்பதை ஆங்கில எழுத்துத்தான் சொல்லிக் கொடுக்கிறது. என் மருமகளின் கவலை நியாயமானது. அதற்கு மருந்து எழுத்தைக் கூட்டுவது அல்ல என்பதில்தான் நான் வேறுபட்டேன்.

ரயில்வேயில் அகலப் பாதையின் அளவு 1676 மில்லிமீட்டர். உலகின் பல நாடுகளில் 1435. எது உயர்ந்தது என்று வாதம் செய்யலாம். ஆனால் 1676 போட்ட பாதையில் வேறு அளவில் பெட்டி செய்து ஏற்றினால் அது எவ்வளவு அழகாக இருந்தாலும் ஓடாது. பெயரின் ஆங்கில எழுத்தும் அப்படித்தான். அது பெயரல்ல. ஊராரோடு நம்மை இணைக்கும் அளவு. தமிழர் பலர் எழுதும் எழுத்து எதுவோ அதை எடுத்துக்கொண்டால், நாம் பக்கத்தில் இல்லாதபோதும் அடுத்தவர் கை அதைச் சரியாக எழுதும். யாராவது தப்பாக உச்சரித்தால் குழந்தையே அரை நிமிடத்தில் வாயால் திருத்திவிடும். எழுத்துத் தப்பினால் திருத்த அலுவலகம் அலுவலகமாக அலைய வேண்டும். அலைந்தவர்களுக்குத் தெரியும்.

பெயர் வைக்கப்போகும் வீடுகளுக்கு

எங்கள் அனுபவத்திலிருந்து சில குறிப்புகள்:

1. பெயரை வாயால் சொல்லி, ஐந்து பேரை எழுதச் சொல்லுங்கள். அதில் இரண்டு பேராவது தமிழரல்லாதவராக இருக்கட்டும். பெரும்பாலோர் எழுதுவது எதுவோ அதையே முதலில் பரிசீலியுங்கள்.

2. தொலைபேசியில் எழுத்தெழுத்தாகச் சொல்லிப் பாருங்கள். "இரண்டு ஏ, இரண்டு ஈ, நடுவில் ஒரு எச்" என்று விளக்க வேண்டியிருந்தால், அந்த விளக்கத்தைக் குழந்தை ஆயுள் முழுதும் சொல்ல வேண்டும்.

3. குடும்பத்தில் ஏற்கெனவே ஒரு பெயருக்கு ஓர் எழுத்து நிலைத்திருந்தால், தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும்போது, அதையே எழுதுங்கள். அது அபூர்வமானதாக இருந்தாலும் பழைய ஆவணங்கள் துணை நிற்கும்.

4. ஒரே பெயர்க்காரர்கள் பலர் இருப்பார்களே என்ற கவலைக்கு எழுத்தை மாற்றுவதைவிட, தகப்பனார் பெயரை இனிஷியலாக விடாமல் முழுதாக எழுதுவது மேல். பின்னால் பாஸ்போர்ட்டிலும் அது உதவும்.

5. எண்கணிதம் பார்ப்பவர்கள் பதிவுக்கு முன்பே பாருங்கள். பதிந்த பிறகு பார்க்காதீர்கள்.

6. பிறப்புச் சான்றிதழ் வந்ததும் குழந்தை, தாய், தந்தை மூவர் பெயரையும் எழுத்தெழுத்தாக விரல் வைத்துப் படியுங்கள். ஆதார், தீவுவாசி அட்டை, பள்ளிச் சேர்க்கை எல்லாவற்றுக்கும் அதன் நகலைப் பார்த்தே எழுதுங்கள், நினைவிலிருந்து எழுத வேண்டாம்.

7. ஆதாரில் உள்ளூர் மொழியில் வரும் பெயரை இயந்திரம் ஆங்கிலத்திலிருந்து தானே ஊகித்து எழுதுகிறது. ஒப்புகை கொடுக்கும் முன் அதையும் படித்துத் திருத்தச் சொல்லுங்கள்.

கடைசியாக ஒன்று. எங்கள் பேத்திக்கு ஏழு எழுத்தையே பதிந்தோம். படிவத்தை மகன் நிரப்பினான். நிரப்பிவிட்டு என்னிடம் நீட்டி, "அப்பா, ஒரு தடவை சரி பாருங்கள்" என்றான். பத்து ஆண்டுகளாக அவன் கேட்காத கேள்விக்குப் பதிலாக அதை எடுத்துக்கொண்டேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விரல் வைத்து இரண்டு தடவை படித்தேன்.

மருமகளுக்கு நான் கொடுத்த வாக்கு வேறு. 'ழ' போகாமல் பார்த்துக்கொள்வது என் பொறுப்பு என்று சொல்லியிருக்கிறேன். பேத்திக்கு விரல் பிடிக்கும் வயது வந்ததும், தட்டில் அரிசியைப் பரப்பி மூன்று எழுத்து எழுதச் சொல்லிக் கொடுப்பேன். யா, ழி, னி. அந்த மூன்றையும் அவள் எழுதிவிட்டால், ஆங்கிலத்தில் யார் எப்படிப் படித்தாலும் கவலையில்லை. நம் சங்கத்துத் தாத்தா பாட்டிகள் எல்லோரும் அவரவர் வீட்டில் இந்த ஒரு வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது என் வேண்டுகோள்.